ஐந்து தடியர்களின் பக்தர்

சின்சினாட்டியில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இவரைப் போல ஒருவராவது இருப்பார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பல் மருத்துவராக இருக்கலாம், பள்ளியில் வேதியியல் நடத்துபவராக இருக்கலாம், இன்ஷூரன்ஸ் விற்பவராகவும் இருக்கலாம். வாசல் புல்லை ஒழுங்காக வெட்டுவார், வரியை ஒழுங்காகக் கட்டுவார், பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போனால் அவர்கள் நாய்க்குச் சோறு வைப்பார். பரம சாது. ஆனால் பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் முடிந்த மறுநாள் காலை மனிதருக்கு வேறு உத்தியோகம் வந்துவிடும். அன்றிலிருந்து ஏப்ரல் கடைசி வரை அவர்தான் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் பொது மேலாளர். சம்பளம் கிடையாது. யாரும் நியமிக்கவும் இல்லை. அந்த அணியில் பொது மேலாளர் என்று தனியாக ஒரு பதவியே இல்லை, உரிமையாளர் மைக் பிரவுன் தம்மிடமே அந்தப் பொறுப்பையும் வைத்துக்கொண்டிருக்கிறார் என்பது ஊரறிந்த சங்கதி. நாற்காலி காலியாகத்தானே கிடக்கிறது என்று நம்மவர் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தவருக்கு ஒரே ஒரு கொள்கை: டிராஃப்டில் ஆஃபென்சிவ் லைன் ஆளை எடு. முதல் சுற்றில் எடு. இரண்டாம் சுற்றிலும் எடு. மூன்றாம் சுற்றில் நல்லவன் எவனாவது மிச்சமிருந்தால் அவனையும் விடாதே. பேரனுக்குக் கணக்கில் மதிப்பெண் குறைந்தது என்று பேச்சைத் தொடங்கினாலும், அது எங்கெங்கோ சுற்றி இடது டேக்கிளில்தான் வந்து நிற்கும்.

அமெரிக்கக் கால்பந்து பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். கல்லூரிப் பையன்களை அணிகள் முறைவைத்துச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்தான் கதாநாயகன். விளம்பரப் பலகையில் சிரிப்பவன், கோடிகளை வாங்குபவன். அவனுக்கு முன்னால் ஐந்து தடியர்கள் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். இந்த முன்வரிசைதான் ஆஃபென்சிவ் லைன். நடுவில் சென்டர், அவனுக்கு இருபுறமும் கார்டு, இரண்டு கோடியிலும் டேக்கிள். ஆளுக்கு 140 கிலோ. எதிரணியின் முரடர்கள் குவார்ட்டர்பேக்கின் மேல் விழாமல் ஒரு மூன்று விநாடி மறித்துக்கொடுப்பதுதான் இவர்கள் பிழைப்பு. பந்தைக் காலிடுக்கு வழியாகப் பின்னால் கொடுக்கிற சென்டரைத் தவிர மற்ற நால்வரும் அதைத் தொடுவதுகூட அபூர்வம். ஓடிய கெஜம், பிடித்த பந்து, போட்ட புள்ளி என்று ஆட்டம் முடிந்ததும் வெளியாகும் கணக்கில் இவர்களுக்கு ஒரு வரி கிடையாது. மைதானத்தில் இவர்களுடைய எண் ஒலிபெருக்கியில் கேட்பது ஒரே ஒரு சமயத்தில்தான். "ஹோல்டிங், ஆஃபென்ஸ், 73-ஆம் எண்" என்று நடுவர் குற்றப்பத்திரிகை வாசிக்கும்போது.

தேரோட்டத்தில் கூட்டம் உற்சவரைக் கும்பிடும். வடம் பிடித்தவர் ஒரு வாரத்துக்கு உள்ளங்கையைக் காட்டிப் பெருமையடிப்பார். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவரை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை; தேர் யார் வீட்டுத் திண்ணையிலாவது ஏறினால்தான் அந்த ஆள் எங்கே என்று தேடுவார்கள். நம்மவர் அந்த முட்டுக்கட்டைக்காரரை மட்டுமே சேவிக்கிறவர்.

ஆட்டம் பார்க்கிற முறையே அலாதி. வீட்டில் எல்லாரும் பந்து போகிற திசையில் கண்ணை ஓட்டிக் "கோ, கோ" என்று குதிக்கும்போது, இவர் மட்டும் பந்து கிளம்பிய இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அறுபது கெஜம் ஓடிப் புள்ளி எடுத்துவிட்டான் ஒருவன். அறை முழுக்கக் கூச்சல். இவர் ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டி, படத்தை நிறுத்தி, திரைக்கு அருகில் போய், இடது கார்டின் முழங்கால் மேல் விரலை வைப்பார். "இங்கே பார்த்தீர்களா? இடுப்பு எழும்பிவிட்டது. இடுப்பு எழும்பினால் ஆள் போச்சு." புள்ளி கிடைத்துவிட்டதே என்றால், அதிர்ஷ்டம் என்பார்.

இவர் வாயில் புழங்குகிற சொற்களுக்குத் தனி அகராதி போடலாம். எதிராளியை மல்லாக்கச் சாய்த்தால் அது பேன்கேக். நின்ற இடத்தில் வேரூன்றி நின்றால் ஆங்க்கர். டேக்கிள் ஒருவன் பின்பக்கமாகச் சறுக்கிச் சறுக்கிக் காலெடுத்து வைப்பது கிக் ஸ்லைடு. ஒரு நாள் இதைச் சமையலறையில் செய்து காட்டப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி வெந்நீர்ப் பையை எடுத்து வந்து, "உனக்கும் ஒரு டேக்கிள் தேவை" என்றாள். அவர் சிரிக்கவில்லை. வலது பக்கமா இடது பக்கமா என்று கேட்டார்.

மார்ச் மாதம் பிறந்தால் கையின் நீளம். இண்டியானாபோலிஸில் கம்பைன் என்று ஒரு பரிசோதனை நடக்கும். கல்லூரிப் பையன்களை ஓடவிட்டு, குதிக்கவிட்டு, எடை தூக்கவிட்டு, தோள் முனையிலிருந்து விரல் நுனி வரை நாடா வைத்து அளப்பார்கள். டேக்கிளுக்கு 34 அங்குலம் இருந்தால் உத்தமம் என்பது இவர்கள் வட்டாரத்து சாஸ்திரம். 2025-இல் எல்.எஸ்.யு. பல்கலைக்கழகத்து வில் காம்பெல் என்ற பையனுக்குக் கம்பைனில் 33-ஐவிடக் குறைவாக வந்துவிட்டது. பிறகு அவன் கல்லூரியிலேயே அளந்தபோது 33 வந்தது. அந்த அரை அங்குலத்துக்கும் குறைவான வித்தியாசத்தை வைத்து நம்மவர் இரண்டு வாரம் தூக்கமில்லாமல் புரண்டார். நியூ இங்கிலாந்து அணி அவனை நான்காவது ஆளாக எடுத்துக்கொண்டு போனதும், அவன் நமக்கு எட்டாதவன் என்று தெரிந்தும், அந்த நாடா சரியானதுதானா என்ற சந்தேகம் இவருக்கு இன்றும் தீரவில்லை. தம் கையையும் அளந்துவிட்டார். 31. கார்டாக ஆடலாம் என்கிறார்.

இவ்வளவு கேலி செய்தாலும் மனிதரின் புலம்பலில் நியாயம் இருக்கிறது. அது 2020-இல் தொடங்குகிறது. அந்த வருடம் டிராஃப்டில் முதல் ஆளாக ஜோ பர்ரோ என்ற குவார்ட்டர்பேக்கை பெங்கால்ஸ் எடுத்தது. ஒஹையோ மாநிலத்திலேயே வளர்ந்த பையன். ஊரே தூக்கிவைத்துக் கொண்டாடியது. முன்னால் நிற்பவர்கள் பலவீனம். பத்தே ஆட்டங்களில் 32 முறை எதிரணி அவனைப் பந்தோடு சேர்த்துக் கீழே தள்ளியது. நவம்பர் 22 அன்று வாஷிங்டனில் இடது முழங்கால் நார்கள் கிழிந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று இரவு நம்மவர் சாப்பிடவில்லை. ஆனால் "நான் சொன்னேனா இல்லையா" என்பதை மட்டும் வீட்டு மனிதர்களிடமும், தொலைபேசியிலும், மறுநாள் பெட்ரோல் போடும் இடத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொல்லி முடித்தார்.

அடுத்த ஏப்ரலில்தான் சின்சினாட்டிக் குடும்பங்கள் இரண்டாகப் பிளந்தன. ஐந்தாவதாகத் தேர்ந்தெடுக்கும் முறை பெங்கால்ஸுக்கு. கையெட்டும் தூரத்தில் இரண்டு பேர். ஆரெகன் பல்கலைக்கழகத்து டேக்கிள் பெனே சூவெல் ஒருவன்; பர்ரோவோடு கல்லூரியில் ஆடி, அவன் எறிந்ததையெல்லாம் பிடித்த ஜமார் சேஸ் இன்னொருவன். நம்மவர் சூவெல் கட்சி. மருமகன் சேஸ் கட்சி. ஈஸ்டர் விருந்தில் பன்றித் தொடைக்கறியை நடுவில் வைத்துக்கொண்டு, பந்தை எறியவே நேரமில்லாதபோது பிடிக்க ஆள் எதற்கு என்று இவர் கேட்க, மறித்துவிட்டு யாரிடம் எறிவதாம் என்று அவர் கேட்க, மகள் தட்டை எடுத்துக்கொண்டு குழந்தைகள் மேசைக்குப் போய்விட்டாள். அணி சேஸை எடுத்தது. இரண்டு இடம் தள்ளி டெட்ராய்ட் சூவெலை எடுத்து, அவர்கள் அறைக்குள் துள்ளிக் குதித்த காட்சியைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நம்மவர் எழுந்து போய் வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2021 பருவத்தில் சேஸ் 1,455 கெஜம் குவித்து சிறந்த புதுமுகமானான். பர்ரோ லீகிலேயே அதிகமாக 51 முறை கீழே விழுந்தான். இரண்டும் ஒரே பருவத்தில். 31 ஆண்டுகளாக பிளேஆஃபில் ஒரு வெற்றிகூடக் காணாத அணி, அந்த ஜனவரியில் மளமளவென்று ஏறியது. டென்னஸீயில் நடந்த ஆட்டத்தில் பர்ரோவை ஒன்பது தடவை தள்ளினார்கள். அப்படியும் பெங்கால்ஸ் 19–16 என்று ஜெயித்துவிட்டது, கடைசி விநாடியில் ஒரு கிக்கர் அடித்த அடியில். ஊர் தெருவில் இறங்கி ஆடியது. நம்மவரும் ஆடினார், ஆனால் ஆடும்போதே விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 13, 2022. சூப்பர் பவுல். ராம்ஸ் அணி ஏழு முறை பர்ரோவைச் சாய்த்தது. பெங்கால்ஸ் 20-க்கு 23 என்று பின்தங்கி, கடைசி வாய்ப்பில் ஒரே ஒரு கெஜம் தேவைப்பட்ட நேரத்தில், எதிரணியின் ஆரன் டொனால்ட் உள்ளே புகுந்து பர்ரோவைப் பிடித்துச் சுழற்றினான். எறிந்த பந்து யார் கையிலும் சேராமல் விழுந்தது. ஜெயித்த ராம்ஸ் அணியில் இடது டேக்கிளாக நின்றவர் யார்? ஆண்ட்ரூ விட்வொர்த், வயது 40. பெங்கால்ஸே 2006-இல் இரண்டாம் சுற்றில் எடுத்து, பதினோரு பருவம் ஆடவைத்து, 2017-இல் போகவிட்ட அதே விட்வொர்த். இந்த ஒரு தகவலைச் சொல்லும்போது மட்டும் நம்மவர் குரலை உயர்த்துவதில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு ஆண்டையும் தனித்தனியாகச் சொல்வார். கேட்பவர் கண் கலங்கவேண்டும். கலங்காவிட்டால் மறுபடி 2006-இலிருந்து ஆரம்பிப்பார்.

இனி, இவரிடம் சொல்லக்கூடாத விஷயம் ஒன்று உண்டு. பெங்கால்ஸ் முன்வரிசைக்கு ஆள் எடுக்காமலா இருந்தது? 2015-இல் முதல் சுற்றில் செட்ரிக் ஒபூஹி, இரண்டாம் சுற்றில் ஜேக் ஃபிஷர், இருவருமே டேக்கிள். 2018-இல் முதல் சுற்றில் சென்டர் பில்லி பிரைஸ். 2019-இல் முதல் சுற்றில் ஜோனா வில்லியம்ஸ். அவர் தோள் காயத்தால் அந்தப் பருவம் முழுக்க வெளியே. சேஸை எடுத்த அதே 2021-இல் இரண்டாம் சுற்றில் ஜாக்சன் கார்மன், இந்தப் பக்கத்துப் பையன். இவர் கேட்ட மருந்தையெல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். நோய் தீரவில்லை. விட்வொர்த்துக்குப் பிறகு ஒபூஹியும் ஃபிஷரும் போதும் என்று நம்பித்தானே விட்வொர்த்தையே போகவிட்டார்கள்?

இதைச் சொன்னால் நம்மவர் அசரமாட்டார். "முன்வரிசை ஆளை எடு என்றேன். இந்த ஆளை எடு என்று சொன்னேனா?" என்பார்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்கிற காரணங்கள் வேறு. கல்லூரி ஆட்டம் இப்போது பந்தைச் சட்டென்று எறிந்துவிடுகிற ஆட்டமாகிவிட்டது. மூன்று விநாடி ஒருவனை மறித்து நிற்கிற வித்தையைப் பையன்கள் அங்கே முழுதாகப் படித்துவருவதில்லை. இங்கே வந்து படிக்கலாம் என்றால், 2011 தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு கவசம் போட்டு மோதுகிற பயிற்சி நாட்களைக் குறைத்துவிட்டார்கள். தவிர, ஐந்து பேரும் ஒரே மூச்சாக நகரவேண்டிய வேலை இது. நால்வர் தூண்களாக நின்று ஒருவன் தடுமாறினாலும் குவார்ட்டர்பேக் தரையில்தான். அதனால் முன்வரிசை ஆளைத் தேர்ந்தெடுப்பதில் பாதி கணிப்பு, பாதி பொறுமை. கணிப்பு நம்மவரிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது.

எதிர்வாதத்தில் அடிபட்டால் உதாரணங்களை எடுத்து வீசுவார். கான்சஸ் சிட்டி 2021 பிப்ரவரி சூப்பர் பவுலில் 31–9 என்று தோற்றதா? உடனே ஐந்து இடத்துக்கும் ஆளை மாற்றியது. டிராஃப்டில் கிரீட் ஹம்ஃப்ரியை 63-ஆவதாக, டிரே ஸ்மித்தை 226-ஆவதாக எடுத்தது. இரண்டே வருடத்தில், ஒரு பருவத்தில் 70 முறை எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளைச் சாய்த்த ஃபிலடெல்ஃபியாவோடு சூப்பர் பவுலில் மோதி, தன் குவார்ட்டர்பேக் மஹோம்ஸை ஒரு தடவைகூடச் சாய்க்கவிடாமல் ஜெயித்தது. ஃபிலடெல்ஃபியாவில் இடது டேக்கிள் ஜோர்டன் மைலாட்டா யார்? ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிக்கொண்டிருந்தவர்; இந்த விளையாட்டை அதுவரை ஆடியதே இல்லை; 2018-இல் ஏழாம் சுற்றில் 233-ஆவது ஆள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, தமக்கு அப்போதே தெரியும் என்பதுபோல் ஒரு தலையாட்டல். 233-ஆவது இடத்தில் கிடைக்கிறவனுக்கு முதல் சுற்று எதற்கு என்று மருமகன் ஒரு தடவை கேட்டார். அந்த வருடம் அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து போகவில்லை.

காசுக் கணக்கும் வைத்திருக்கிறார். டிராஃப்டில் வருகிறவனுக்கு நான்கு வருட ஒப்பந்தம், விலை மலிவு. பர்ரோவுக்கு 2023-இல் ஐந்து வருடத்துக்கு 275 மில்லியன் டாலர். சேஸுக்கு 2025-இல் நான்கு வருடத்துக்கு 161 மில்லியன். சம்பள உச்சவரம்பு உள்ள லீகில் இந்த இருவருக்கும் அள்ளிக்கொடுத்த பிறகு மறிக்கிறவனைச் சந்தையில் போய் வாங்கக் கட்டுபடியாகாது, டிராஃப்டில்தான் பிடிக்கவேண்டும். ஓட்டல் காகித நாப்கினில் இதைப் பெருக்கிக் கழித்துக் காட்டுவார். கணக்கு சரியாகவே இருக்கும்.

2024 ஏப்ரல் 25 அன்று இவருக்கு நல்ல காலம் பிறந்தது. பெங்கால்ஸுக்குப் 18-ஆவது முறை. மடியில் ஸ்கைலைன் சில்லி தட்டு: ஸ்பகெட்டி, அதன்மேல் கறிக்குழம்பு, அதன்மேல் மலைபோல் துருவிய சீஸ். பக்கத்தில் டேக்கிள்களின் பெயர்ப்பட்டியல். ஐந்தாவதாக ஜோ ஆல்ட் போனான்; ஒரு கோடு. ஏழாவதாக லேதம், ஒரு கோடு. பதினொன்றில் ஃபஷானு. பதினான்கில் ஃபுவாகா. சீஸ் ஆறிக் கட்டியாகிவிட்டது, தட்டைத் தொடவில்லை. கமிஷனர் ரோஜர் கூடெல் மேடைக்கு வந்து சீட்டைப் பார்த்து வாசித்தார்: ஜார்ஜியா பல்கலைக்கழகத்து டேக்கிள் அமேரியஸ் மிம்ஸ்.

ஆறடி எட்டு அங்குலத்தைத் தொடுகிற உயரம். 154 கிலோ. கை 36 அங்குலத்துக்கும் மேல். நம்மவர் எழுந்து நின்றார். தட்டு கம்பளத்தில் கவிழ்ந்தது. மனைவியைக் கட்டிக்கொண்டார், மருமகனுக்குத் தொலைபேசி போட்டுச் சமாதானமானார், ஆண்டனி முன்யோஸ் பெயரைச் சொல்லி ஒரு பியர் திறந்தார். முன்யோஸ் இவருடைய குலதெய்வம். 1980-இல் மூன்றாவது ஆளாக பெங்கால்ஸ் எடுத்த இடது டேக்கிள், 1998-இல் புகழ் மண்டபம் சேர்ந்தவர். ஆனந்தம் பத்து நிமிடம் நீடித்தது. தொலைக்காட்சியில் பேசிய ஒருவர், மிம்ஸ் கல்லூரியில் தொடக்க ஆட்டக்காரனாக இறங்கியது எட்டே ஆட்டங்கள் என்றார்.

"எட்டா?" என்றார் நம்மவர். உட்கார்ந்தார். "எட்டு ஆட்டம் ஆடியவனை முதல் சுற்றிலா எடுப்பார்கள்?"

அந்த வருடம் பர்ரோ லீகிலேயே அதிகமாக 4,918 கெஜம் எறிந்தான். சேஸ் பந்து பிடித்த எண்ணிக்கை, கெஜம், டச்டவுன் மூன்றிலும் முதலிடம். அப்படியும் அணி ஒன்பது வெற்றி, எட்டுத் தோல்வியோடு பிளேஆஃபுக்கு வெளியே நின்றது, காரணம் ஓட்டைப் பானையாகிப்போன தற்காப்பு. ஊரே தற்காப்பைத் திட்டியது. இவர் மட்டும் பர்ரோ 48 தடவை விழுந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சேஸையும் சூவெலையும் பற்றிய பழைய வழக்கிலும் தீர்ப்பு வந்தபாடில்லை. சேஸ் இங்கே உச்சத்தில். சூவெல் டெட்ராய்டில் நாட்டின் தலைசிறந்த டேக்கிள்களில் ஒருவன். இரண்டு கட்சியும் ஜெயித்துவிட்ட வழக்கு அது, ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

இவர் அலமாரியை ஒருநாள் திறந்து பார்த்தவர்களுக்குத்தான் உண்மை தெரியும். ஞாயிற்றுக்கிழமை அரங்கத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற ஆரஞ்சுச் சட்டைகள் வரிசையாகத் தொங்கும். 9-ஆம் எண் பர்ரோ, இரண்டு. 1-ஆம் எண் சேஸ், ஒன்று. அது மருமகன் கொடுத்ததாம், குளிருக்காகப் போடுகிறாராம். பந்து பிடிக்கிற பழைய ஆட்டக்காரர் ஒருவரின் 85-ஆம் எண்ணும் மூலையில் இருக்கிறது. மறிக்கிறவர்கள் போடுகிற ஐம்பதிலிருந்து எழுபத்தொன்பது வரையுள்ள எண்களில் முன்யோஸின் 78-கூட இல்லை. ஏன் என்று கேட்டால், அவருடைய அளவு தமக்குக் கொஞ்சம் பெரிது என்கிறார்.

இவரைப் பற்றி என் முடிவு இது. சொல்வது பெரும்பாலும் சரி. சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. நல்ல முன்வரிசை அமைந்த அணியில் அந்த ஐந்து பேர் பெயரும் யார் வாயிலும் வராது, அப்படியொரு நாள் சின்சினாட்டிக்கு வந்தால் இவர் பேச விஷயமில்லாமல் தவித்துப்போவார் என்பதால், அணி நிர்வாகமும் இவர் மேல் இரக்கப்பட்டே அவ்வப்போது குறை வைக்கிறதோ என்று தோன்றுகிறது. நீங்கள் ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட் தொடங்குகிற வியாழக்கிழமை அந்த ஊரில் யார் வீட்டுக்காவது சாப்பிடப் போக நேர்ந்தால் வானிலை பேசுங்கள், அரசியல்கூடப் பேசுங்கள். தப்பித்தவறி இடது டேக்கிளைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள். திறந்தால், சனிக்கிழமை சாயங்காலம் ஏழாம் சுற்று முடிகிறவரை உங்களைச் செருப்பு மாட்ட விடமாட்டார்.